தடித்த எழுத்தின் வடிவக் கணக்கு

ஃபியூச்சுரா எழுத்துருவில் இருக்கும் ரோமன் 'ஓ' வட்டம் அல்ல. பார்க்கிறவர்கள் அதைக் காம்பஸ் வைத்துப் போட்ட வட்டம் என்றுதான் சொல்வார்கள். அதன் போல்டு வடிவத்தை ஒரு முழுத்தாளில் பெரிதாக அச்செடுத்து, ஸ்கேலை வைத்து அளந்தால் விஷயம் தெரிந்துவிடும். இடப்பக்கமும் வலப்பக்கமும் கருமை தடித்திருக்கும். உச்சியிலும் அடியிலும் அதைவிட மெலிந்திருக்கும். பக்கத்தில் 'எச்' எழுத்தை வைத்து அதன் தலையோடு தலையாக ஒரு கோடு இழுத்தால், 'ஓ' அந்தக் கோட்டைத் தாண்டி மயிரிழை அளவுக்கு மேலே எட்டிப் பார்க்கும். அடிக்கோட்டையும் அதேபோல் தாண்டிக் கீழே இறங்கியிருக்கும்.

அச்சுக்கூடத்தின் தவறு இல்லை இது. வரைந்தவர் தெரிந்தே செய்தது. இருபதாம் நூற்றாண்டின் வடிவியல் எழுத்துருக்களில் மிகவும் பெயர்பெற்றது ஃபியூச்சுரா. வடிவியல் விதிகளை அங்கங்கே மீறியதால்தான் அது கண்ணுக்கு வடிவியலாகத் தெரிகிறது. எழுத்து தடிக்கத் தடிக்க இந்த மீறலும் கூடவேண்டியிருக்கிறது. சுவரொட்டியிலும் சினிமாத் தலைப்பிலும் கம்பெனிச் சின்னங்களிலும் நாம் பார்க்கும் கனத்த, திரண்ட எழுத்துகளுக்குப் பின்னால் இருக்கும் வேலை இதுதான். கண் எப்படிப் பார்க்கிறது என்ற அறிவும் கொஞ்சம் பள்ளிக்கூடக் கணக்கும் இருந்தால் அதை யாரும் புரிந்துகொள்ளலாம்.

ஃபியூச்சுராவை வரைந்தவர் பால் ரென்னர். 1878-இல் ஜெர்மனியில் பிறந்தவர். மியூனிக் பதிப்பகங்களுக்குப் புத்தகங்களை வடிவமைத்துப் பெயர் எடுத்தவர். 1924-இல் யாக்கோப் ஹெக்னர் என்ற பதிப்பாளர் அவரிடம் வந்து, இந்தக் காலத்துக்கென்று ஓர் எழுத்து வேண்டும் என்று கேட்டார். ரென்னர் வரையத் தொடங்கினார். பிராங்க்ஃபர்ட்டில் இருந்த பவ்வர் எழுத்து வார்ப்பு நிறுவனம் அந்த வரைபடங்களை எடுத்துக்கொண்டது. 1927-இல் ஃபியூச்சுரா ஈய எழுத்தாக விற்பனைக்கு வந்தபோது ரென்னருக்கு 49 வயது. ஜெர்மனியில் அப்போது ஃபிராக்டுர் என்னும் பழைய எழுத்துதான் இன்னமும் பரவலாக இருந்தது. பேனா முனையைத் திருப்பித் திருப்பி உடைத்து எழுதியது போன்ற கோடுகள் கொண்டது அது. ரென்னர் பேனாவின் தடத்தையே எழுத்திலிருந்து எடுத்துவிட நினைத்தார். கோடுகளின் நுனியில் இருக்கும் 'செரிஃப்' என்ற சிறு பாதங்கள் போயின. மெலிந்து தடிக்கும் வளைவுகள் போயின. வட்டம், முக்கோணம், சதுரம், நேர்கோடு ஆகியவையே மிஞ்சின.

முதல் வரைபடங்களில் அவர் இன்னும் தூரம் போயிருந்தார். சின்ன 'ஆர்' எழுத்து ஒரு நிமிர்கோடு, அதன் தோளருகே ஒட்டாமல் நிற்கும் ஒரு புள்ளி, அவ்வளவுதான். சின்ன 'எம்', 'என்' இரண்டும் வளைவே இல்லாமல் செங்கோணமாக மடிந்து நின்றன. சின்ன 'ஜி', வட்டமும் மடங்கிய கோடுகளும் சேர்ந்த ஒரு விசித்திர உருவம். இவற்றில் சில ஆரம்ப நாட்களில் மாற்று எழுத்தாக விற்பனைக்கும் வந்தன. ஆனால் ஈயத்தில் வார்த்து, சொற்களாகக் கோத்து, புரூஃப் எடுத்துப் பார்த்தபோது அந்த எழுத்துகள் வரியில் தனித்தனியாகத் துருத்திக்கொண்டு நின்றன. ஒரு வரியைப் படிக்கும்போது கண் எந்த எழுத்திலும் தடுக்கி விழக்கூடாது. பவ்வர் நிறுவனத்தோடு சேர்ந்து திருத்தித் திருத்தி, பழகிய உருவங்களுக்கே ரென்னர் திரும்பினார். இந்தத் திருத்தங்கள்தான் ஃபியூச்சுராவைக் காப்பாற்றின என்பது என் எண்ணம்.

அதே காலத்தில் டெஸ்ஸாவ் நகரத்து பௌஹவுஸ் கலைப்பள்ளியில் ஹெர்பர்ட் பேயர் 'யுனிவர்சல்' என்ற எழுத்தை வரைந்தார். ஆண்டு 1925. பெரிய எழுத்தே கிடையாது, சின்ன எழுத்து மட்டும். காம்பஸும் ஸ்கேலும் கொடுத்த வட்டத்தையும் நேர்கோட்டையும் மட்டும் வைத்துக் கட்டியது. கொள்கைச் சுத்தம் என்று பார்த்தால் ஃபியூச்சுராவைவிட ஒரு படி மேல். கலை வரலாற்றுப் புத்தகங்களில் இன்றைக்கும் அதன் படம் இருக்கிறது. ஆனால் அந்நாளில் அதை எந்த நிறுவனமும் ஈயத்தில் வார்க்கவில்லை. ரென்னர் பௌஹவுஸ் ஆசிரியர் அல்லர், மாணவரும் அல்லர். பௌஹவுஸ் பேசிய எளிமையை உலகத்து அச்சகங்களுக்குக் கொண்டுபோனது அவர் எழுத்துதான்.

கேப்பிடல் எழுத்துகளின் அளவுகளை ரென்னர் இயந்திர யுகத்திலிருந்து எடுக்கவில்லை. பழைய ரோமானியர் கல்லில் வெட்டிய எழுத்துகளிலிருந்து எடுத்தார். ரோம் நகரில் கி.பி. 113-இல் எழுப்பப்பட்ட டிராஜன் தூணின் அடிப்பீடத்தில் இருக்கும் எழுத்துகளைப் பார்த்தால், 'ஓ' அகன்று விரிந்திருக்கும். 'ஈ', 'எஸ்' இரண்டும் அதில் பாதி அளவுக்குக் குறுகியிருக்கும். ஃபியூச்சுராவிலும் அதே ஏற்ற இறக்கம். முழு வட்டத்துக்குப் பக்கத்தில் ஒடுங்கிய 'ஈ' நிற்கும்போது வரிக்கு ஒரு தாளம் வருகிறது. எல்லா எழுத்தையும் ஒரே அகலச் சதுரத்துக்குள் அடைத்திருந்தால் அந்தத் தாளம் கிடைத்திருக்காது.

கண்ணின் கதைக்கு வருவோம். ஒரே உயரத்தில் ஒரு சதுரத்தையும் ஒரு வட்டத்தையும் பக்கம் பக்கமாக வரைந்தால் வட்டம் சின்னதாகத் தெரியும். இதில் கணக்கும் இருக்கிறது: சதுரத்துக்குள் சரியாகப் பொருந்தும் வட்டத்தின் பரப்பு, சதுரத்தின் பரப்பில் ஏறக்குறைய 78.5 சதவீதம்தான். சதுரம் மேல்கோட்டை அதன் முழு அகலத்துக்கும் தொட்டுக்கொண்டிருக்கிறது. வட்டமோ ஒரே ஒரு புள்ளியில் தொட்டுவிட்டு விலகிப் போய்விடுகிறது. அந்த ஒற்றைப் புள்ளியைக் கண் உயரமாக எடுத்துக்கொள்வதில்லை. அதனால் வட்ட எழுத்துகளைக் கோட்டுக்கு மேலும் கீழும் சிறிது நீட்டுகிறார்கள். வழக்கமாக எழுத்தின் உயரத்தில் நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்கு. மெலிந்த ஃபியூச்சுராவில் 'ஏ' எழுத்தின் உச்சி ஊசிபோலக் கூர்ந்து, மற்ற எழுத்துகளைவிடத் தெளிவாக உயர்ந்து நிற்பதற்கும் காரணம் இதுவே. புள்ளி எவ்வளவு கூர்மையோ, அவ்வளவு தூரம் தாண்டினால்தான் மற்றதோடு சமமாகத் தெரியும்.

அடுத்தது, படுத்திருக்கும் கோடு. ஒரே தடிமனில் நிமிர்ந்த பட்டை ஒன்றும் படுத்த பட்டை ஒன்றும் வரைந்தால், படுத்தது தடித்ததாகத் தெரியும். எழுத்து வரைகிற எல்லோருக்கும் தெரிந்த விஷயம் இது. ஆகவே 'எச்' எழுத்தின் நடுக்கோடு அதன் கால்களைவிட மெலிந்திருக்க வேண்டும். 'ஓ'வின் உச்சியும் அடியும் மெலிந்திருப்பதும் அதனால்தான். அந்த இடங்களில் வளைவு கிடைக்கோடாகப் படுத்துவிடுகிறது.

மூன்றாவது மயக்கத்தை இதைப் படித்துக்கொண்டிருக்கும்போதே சோதித்துப் பார்க்கலாம். கையில் இருக்கும் பத்திரிகையில் 8 என்ற எண்ணைத் தேடி, தாளைத் தலைகீழாகப் பிடித்துப் பாருங்கள். மேலே பெரிய வளையமும் கீழே சின்ன வளையமுமாக, இப்போது கவிழ்ந்துவிடும் என்பதுபோல நிற்கும். நேராகப் பார்க்கும்போது இரண்டும் ஏறக்குறையச் சமம் என்று நினைத்திருப்போம். ஓர் உருவத்தின் மேல்பாதியைக் கண் பெரிதாக மதிப்பிடுகிறது. 8, 'எஸ்', 'ஈ' என நடுவில் பிரியும் எழுத்துகளை எல்லாம் மேலே கொஞ்சம் சிறிதாக வரைவது இதைச் சரிக்கட்டத்தான்.

'எக்ஸ்' எழுத்தில் நடப்பது இன்னும் சுவையானது. 1860-இல் ஜெர்மன் இயற்பியலர் போகன்டார்ஃப் ஒரு விஷயத்தைக் கவனித்தார்: ஒரு சாய்கோடு அகலமான பட்டை ஒன்றின் பின்னால் நுழைந்து மறுபக்கம் வெளிவந்தால், இரண்டு துண்டும் ஒரே கோடாகத் தெரியாது, விலகித் தெரியும். தடித்த 'எக்ஸ்'ஸில் ஒரு கை மற்றதன் பின்னால் நுழைந்து வருகிறது. இரண்டு சாய்கோடுகளையும் ஸ்கேல் வைத்து நேராகப் போட்டால் நடுவில் உடைந்ததுபோலத் தெரியும். ஆகவே வரைகிறவர் மேல்துண்டையும் கீழ்த்துண்டையும் சிறிது தள்ளி வைக்கிறார். மெலிந்த எழுத்தில் இது கண்ணுக்கே படாது. பட்டை தடிக்கத் தடிக்க மயக்கம் வலுக்கிறது. தள்ளி வைக்கும் தூரமும் கூடுகிறது.

போல்டு எழுத்தின் கஷ்டம் எங்கே என்று இதில் தெரிய ஆரம்பிக்கும். ஆனால் பெரிய கஷ்டம் எழுத்துக்குள் இருக்கும் வெள்ளையில்தான் இருக்கிறது. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 100 அலகு உயரமுள்ள வட்ட எழுத்து ஒன்று. கோட்டின் தடிமன் 10 அலகு என்றால் உள்வட்டத்தின் விட்டம் 80. பரப்பு விட்டத்தின் வர்க்கமாகப் போகும். எனவே எழுத்தின் மொத்தப் பரப்பில் 64 சதவீதம் வெள்ளை. தடிமனை 20 ஆக்கினால் உள்விட்டம் 60, வெள்ளை 36 சதவீதம். 25 ஆக்கினால் 25 சதவீதம். 30 ஆக்கினால் வெறும் 16. கோடு மூன்று மடங்கு தடித்தால் உள்வெளி நான்கில் ஒரு பங்காகச் சுருங்கிவிடுகிறது. எழுத்தை அடையாளம் காண நமக்கு உதவுவது இந்த உள்வெளிதான். அது அடைபட்டால் மிஞ்சுவது கறுப்பு வில்லை.

'ஈ' எழுத்தை எடுத்துக்கொண்டால் நெருக்கடி இன்னும் அதிகம். ஒரு நிமிர்கோடு, மூன்று கிடைக்கோடுகள். நான்கையும் 25 அலகு தடிமனில் போட்டால், 100 அலகு உயரத்தில் 75-ஐ கிடைக்கோடுகளே விழுங்கிவிடும். நடுவில் இருக்கும் இரண்டு இடைவெளிகளுக்கு ஆளுக்குப் பன்னிரண்டரை. கிடைக்கோடுகளை 20 ஆகக் குறைத்தால் இடைவெளிகள் 20 ஆகி மூச்சு விடும். படுத்த கோடு மெலிந்திருக்க வேண்டும் என்று கண் கேட்டதும், உள்ளே இடம் வேண்டும் என்று கணக்குக் கேட்டதும் இங்கே ஒன்றாகிவிடுகின்றன. ஃபியூச்சுராவின் சின்ன 'ஏ' ஒரு வட்டமும் அதை ஒட்டிய ஒரு கோடும் மட்டுமே என்பதும் போல்டில் பெரிய வசதி. மற்றப் பல எழுத்துருக்களில் இருக்கும் இரட்டை மாடி 'ஏ'வுக்கு உள்ளே இரண்டு வெளிகள் வேண்டும். இதற்கு ஒன்று போதும்.

வட்டமும் கோடும் ஒட்டுகிற மூட்டு இன்னொரு சிக்கல். ஒரே தடிமனில் இரண்டையும் சேர்த்தால் அந்த மூட்டில் கருமை கட்டிபோல் திரண்டுவிடும். வரைகிறவர் வட்டத்தின் வளைவை மூட்டுக்குப் போகும் வழியில் மெல்ல மெலியவிட்டு, மெலிந்த நிலையில் கோட்டோடு சேர்க்கிறார். சின்ன 'பி', 'கியூ' போன்ற எழுத்துகளை ஃபியூச்சுரா போல்டில் பெரிதாக்கிப் பார்த்தால், வட்டம் என்று நாம் நம்பியது அந்த மூட்டில் நன்றாகவே ஒடுங்கியிருப்பது தெரியும். மெலிந்த எழுத்தில் ஊசிமுனையாக இருந்த 'ஏ'வின் உச்சியும் போல்டில் தட்டையாக வெட்டப்பட்டுவிடுகிறது. இரண்டு கனத்த சாய்கோடுகள் ஊசியாக முடிய வேண்டுமானால், எழுத்து கோட்டுக்கு மேல் எங்கேயோ போய் நிற்க வேண்டியிருக்கும்.

ஈய எழுத்துக் காலத்தில் மையும் இந்தக் கணக்கில் சேர்ந்துகொண்டது. எழுத்தின் முகத்தில் மை தடவி, தாளில் அழுத்தும்போது ஓரங்களில் மை பிதுங்கும். கோடு இன்னும் தடிக்கும், உள்வெளி இன்னும் சுருங்கும். சின்ன அளவுகளில் இதன் பாதிப்பு அதிகம். அந்நாளில் ஒவ்வொரு பாயிண்ட் அளவுக்கும் எழுத்தைத் தனியாக வெட்டி வார்த்தார்கள். அதனால் சின்ன அளவுக்கு உள்வெளியையும் எழுத்துகளின் இடைவெளியையும் கொஞ்சம் தாராளமாக விட முடிந்தது. கணினிக் கோப்பாக மாறியபோது ஒரே வரைபடத்தை எல்லா அளவுக்கும் இழுத்து நீட்டும் வழக்கம் வந்தது. இந்தக் கவனிப்பு பெருமளவு போய்விட்டது. மையின் குணத்தை முன்கூட்டியே கணக்கில் எடுத்துக்கொண்டு வரைந்ததற்கு அருமையான உதாரணம், அமெரிக்கத் தொலைபேசிக் கையேடுகளுக்காக மேத்யூ கார்ட்டர் 1978-இல் செய்த பெல் சென்டெனியல். அது வடிவியல் எழுத்துரு இல்லை. ஆனால் அதன் மூட்டுகளில் ஆழமான வெட்டுகள் இருக்கின்றன. மலிவுத்தாளில் மை பரவி அந்த வெட்டுகளை நிரப்பியதும் எழுத்து சரியான உருவத்துக்கு வந்துவிடும்.

முதல் வெளியீட்டிலேயே ஃபியூச்சுராவுக்கு ஒரு தடித்த வடிவம் இருந்தது. 1929-இல் 'ஃபியூச்சுரா பிளாக்' என்ற பெயரில் ரென்னர் ஸ்டென்சில் வெட்டியது போன்ற ஒன்றைச் செய்தார். கறுப்புத் துண்டுகளைப் பக்கம் பக்கமாக வைத்தது போன்ற எழுத்து; பெயர் தவிர ஃபியூச்சுராவோடு அதற்கு உறவு குறைவு. எல்லாவற்றிலும் கனத்த எக்ஸ்ட்ரா போல்டு வந்தது 1952-இல். அதை வரைந்தது ரென்னர் இல்லை, எட்வின் ஷார். இன்று விளம்பரங்களில் நாம் ஃபியூச்சுரா என்று உடனே அடையாளம் காண்பது பெரும்பாலும் இந்தக் கனத்த குடும்பத்தைத்தான்.

இடையில் ரென்னர் பட்ட பாட்டையும் சொல்ல வேண்டும். மியூனிக்கில் அச்சுத்தொழில் பள்ளியின் தலைவராக இருந்தவர் அவர். நவீனக் கலையை நாஜிகள் பழித்ததை எதிர்த்து 1932-இல் ஒரு சிறு நூல் எழுதினார். அது சுவிட்சர்லாந்தில் வெளியானது. 1933-இல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்ததும் கைது செய்யப்பட்டார், பதவியும் போனது. அவர் பள்ளியில் ஆசிரியராக இருந்த யான் சிகோல்டும் அதே ஆண்டு கைதாகி, பின் சுவிட்சர்லாந்துக்குத் தப்பிப் போனார். ஃபியூச்சுராவை மட்டும் யாரும் தடுக்கவில்லை. அது கடல் கடந்து அமெரிக்கப் பத்திரிகைகளிலும் விளம்பரங்களிலும் இடம் பிடித்துக்கொண்டது. 1941-இல் நாஜி அரசு ஃபிராக்டுரை யூத எழுத்து என்று பொய்க்காரணம் சொல்லிக் கைவிட்டது. மனிதர்களுக்கு நேர்ந்ததற்கும் எழுத்துகளுக்கு நேர்ந்ததற்கும் ஒரே அரசு காரணமாக இருந்ததை நினைத்தால் நெஞ்சு கனக்கிறது.

இந்தத் தடித்த எழுத்து எங்கே நன்றாக வேலை செய்கிறது? சொல் குறைவாகவும் இடம் பெரிதாகவும் இருக்கும் இடத்தில். அமெரிக்கக் கலைஞர் பார்பரா குரூகர் பத்திரிகை வடிவமைப்பாளராக வேலை பார்த்தவர். கறுப்பு வெள்ளைப் புகைப்படத்தின் மேல் சிவப்புப் பட்டை, அதில் சாய்ந்த ஃபியூச்சுரா போல்டில் வெள்ளை எழுத்து. இதுவே அவருடைய முத்திரை ஆயிற்று. பெண்களின் கருக்கலைப்பு உரிமைக்கான 1989 வாஷிங்டன் பேரணிக்கு அவர் செய்த சுவரொட்டியில் ஒரு பெண்ணின் முகம் நடுவில் பிளந்து, ஒரு பாதி படமாகவும் மறுபாதி நெகட்டிவாகவும் இருக்கும். உன் உடல் ஒரு போர்க்களம் என்ற பொருளில் சில சொற்கள். அந்த எழுத்தில் அலங்காரம் எதுவும் இல்லை. யாருடைய கையெழுத்தின் சாயலும் இல்லை. அதனாலேயே அதிகாரத்தின் குரல்போல அது ஒலிக்கிறது. அதிகாரத்தின் குரலைப் பிடுங்கிப் பேசுவதுதான் குரூகரின் நோக்கமும். 1994-இல் நியூயார்க்கில் தொடங்கிய சுப்ரீம் உடைக்கடையின் சின்னம் இதே சிவப்பையும் இதே சாய்ந்த எழுத்தையும் எடுத்துக்கொண்டது.

வெள்ளை எழுத்தைச் சிவப்பிலோ கறுப்பிலோ போடும்போது இன்னொரு கண்மயக்கமும் சேர்கிறது. இருண்ட பின்னணியில் இருக்கும் வெளிச்சம் தன் எல்லையைத் தாண்டிப் பரவித் தெரியும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஹெல்ம்ஹோல்ட்ஸ் இதை விரிவாக ஆராய்ந்தார். ஒரே எழுத்து வெள்ளையில் இன்னும் தடித்துத் தெரியும், உள்வெளி இன்னும் ஒடுங்கும். ஆகவே கவனமாக வேலை செய்கிறவர்கள் எழுத்தை வெள்ளையில் போடும்போது ஒரு படி மெலிந்த தடிமனைத் தேர்ந்தெடுப்பார்கள். எழுத்துகளுக்கு நடுவே கூடுதலாகக் கொஞ்சம் இடமும் விடுவார்கள்.

சினிமாவில் வெஸ் ஆண்டர்சன் 'த ராயல் டெனன்பாம்ஸ்' படத்தை (2001) ஃபியூச்சுரா போல்டால் நிரப்பினார். தலைப்பில் மட்டும் இல்லை, கதைக்குள் வரும் புத்தக அட்டைகளிலும் பேருந்திலும்கூட அதே எழுத்து. ஒரு குடும்பத்தின் உலகமே ஒரே கையால் அடுக்கி வைக்கப்பட்டது என்ற உணர்வு அதனால் வருகிறது. நிலவிலும் ஃபியூச்சுரா இருக்கிறது: 1969-இல் அப்போலோ 11 விண்கலத்தின் ஏணிக்காலில் பொருத்திவிட்டு வந்த துருப்பிடிக்காத எஃகுத் தகட்டின் வாசகம் முழுக்க அதன் கேப்பிடல் எழுத்துகள். அது போல்டு இல்லை. கையில் பிடிக்கும் அளவுள்ள தகட்டில் நெருக்கமாக வரும் பல வரிகளுக்கு மெலிந்த கோடுதான் பொருத்தம். எங்கே தடிக்க வேண்டும், எங்கே மெலிய வேண்டும் என்று தெரிந்த ஒருவர் அங்கே முடிவெடுத்திருக்கிறார்.

எல்லா இடத்திலும் அந்த நிதானம் இருக்கவில்லை. ஃபியூச்சுராவின் ஒடுக்கிய எக்ஸ்ட்ரா போல்டு 1980களின் அமெரிக்க விளம்பரங்களில் எங்கு பார்த்தாலும் தென்பட்டது. 1990களின் தொடக்கத்தில் அதைப் புறக்கணிப்போம் என்று ஆர்ட் டைரக்டர்கள் பெயரில் ஓர் அறைகூவலே வெளிவந்தது. ஒவ்வொரு விளம்பரமும் அதே கனத்தில் கத்தினால் எதுவும் காதில் விழாது.

தடித்த எழுத்தைத் தூரத்திலிருந்து நன்றாகப் படிக்க முடியும் என்று பரவலாக நம்புகிறார்கள். இதையும் கணக்கில் சோதிக்கலாம். கண் மருத்துவர் சுவரில் மாட்டியிருக்கும் எழுத்துப் பலகை 1862-இல் டச்சு மருத்துவர் ஸ்னெல்லன் வகுத்தது. இயல்பான பார்வைக்கு அவர் வைத்த அளவு, கண்ணில் 5 கோண நிமிடம் விரியும் எழுத்து. 6 மீட்டர் தூரத்தில் அது 8.7 மில்லிமீட்டர் உயரம்; 60 மீட்டரில் 8.7 சென்டிமீட்டர். அந்த எழுத்தின் கோடுகள் உயரத்தில் ஐந்தில் ஒரு பங்கு, நடுவில் இருக்கும் வெள்ளையும் ஐந்தில் ஒரு பங்கு. அதாவது 100 அலகு உயரத்துக்கு 20 அலகு இடைவெளி. கண்ணுக்குச் சவால் கொடுப்பது கறுப்புக் கோடு அல்ல, அந்த இடைவெளி. மேலே பார்த்த கனத்த 'ஈ'யில் இடைவெளி பன்னிரண்டரை அலகாகச் சுருங்கியிருந்தது. அதே உயரமுள்ள எழுத்தின் இடைவெளியைப் பிரித்தறிய 60 மீட்டரிலிருந்து 37 மீட்டருக்கு நெருங்கி வரவேண்டும். எழுத்தை அடையாளம் காண மூளைக்கு வேறு குறிப்புகளும் கிடைக்கும் என்பதால் நடைமுறையில் இழப்பு இவ்வளவு இருக்காது. ஆனால் போக்கு இதுதான். தடித்த எழுத்து தூரத்திலிருந்து கண்ணை இழுக்கும். படிக்க வைப்பது வேறு வேலை.

வடிவியல் எழுத்துக்கே உரிய குறையும் ஒன்று உண்டு. எல்லாம் ஒரே வட்டத்திலிருந்து பிறப்பதால் சின்ன 'ஓ', 'சி', 'ஈ', 'ஏ' எல்லாம் ஒன்றின் சாயலில் மற்றது இருக்கும். தலைப்பில் இது அழகு. பக்கம் பக்கமாகப் படிக்கும்போது எழுத்துக்கு எழுத்து வேறுபாடு தேடிக் கண் களைத்துவிடும். 2009-இல் ஐக்கியா நிறுவனம் நெடுநாள் பயன்படுத்திய ஃபியூச்சுராச் சாயல் எழுத்தை விட்டு, கணினித் திரைக்கென்றே செய்யப்பட்ட வெர்டானாவுக்கு மாறியபோது வடிவமைப்பாளர்கள் பெரிய சண்டையே போட்டார்கள். பெரிய தலைப்புகளில் வெர்டானா அழகில்லை என்று அவர்கள் சொன்னது நியாயமே. திரையில் சின்ன எழுத்தாகப் படிக்க அது மேல் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

தமிழ் எழுத்தை இதே கண்ணோடு பார்த்தால் நிறைய புரிகிறது. ஓலையில் எழுத்தாணியால் கீறிய கோட்டுக்குத் தடிமன் வேறுபாடு குறைவு. ஒரே தடிமன் கோட்டில் வட்டமும் வளைவுமாகப் போகும் வடிவியல் எழுத்து நமக்கு அந்நியமானது இல்லை. தடிமனைக் கூட்டும்போதுதான் சிக்கல். ட-வின் நடுவில் குறுக்காக ஒரு கோடு இழுத்தால் ஓரிடத்தில்தான் வெட்டும். ண-வில் நாலைந்து இடங்களில் வெட்டும். ஒரே வரியில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் வரும். 'ஈ'யின் நெருக்கடி ரோமன் எழுத்தில் சிலவற்றுக்குத்தான். நமக்கோ ண, ஞ, இ, ஐ, ஊ என்று அது வரிசையாக வருகிறது. சுழிக்குள் இருக்கும் வெள்ளையைக் காப்பாற்ற எழுத்தை அகட்ட வேண்டும், உட்கோடுகளை வெளிக்கோடுகளைவிட மெலிய விட வேண்டும், அப்படியும் வரியின் கருமை திட்டுத்திட்டாகத் தெரியாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பிரியா ரவிச்சந்திரன் வடிவமைத்த கேட்டமரன் எழுத்துருவில் மிக மெலிந்ததிலிருந்து மிகக் கனத்தது வரை ஒன்பது தடிமன்கள் இருக்கின்றன. மும்பையின் ஏக் டைப் குழு செய்த பலூ தம்பி உருண்டு திரண்ட தலைப்பு எழுத்து. இரண்டிலும் கனத்த ண-வைப் பெரிதாக்கிப் பார்த்தால், சுழியின் உட்கோடு எங்கே ஒடுங்குகிறது என்று தேடிப் பிடிக்கலாம். அந்த ஒடுக்கம் ஒவ்வொன்றும் ஒருவர் உட்கார்ந்து கண்ணால் பார்த்து எடுத்த முடிவு.

ஃபிளக்ஸ் அடிக்கும் கடைகளில் இது நடப்பதில்லை. கையில் இருக்கும் எழுத்துருவுக்கு போல்டு கோப்பு இருக்காது. கோரல் டிராவில் எழுத்தைச் சுற்றி அவுட்லைன் போட்டு, அதன் தடிமனைக் கூட்டிவிடுவார்கள். கணினி எல்லாப் பக்கமும் ஒரே அளவு தடிக்க வைக்கிறது. கிடைக்கோட்டை மெலிய விட அதற்குத் தெரியாது; மூட்டை ஒடுக்கத் தெரியாது; சுழிக்குள் இடம் விடத் தெரியாது. வேர்டில் 'பி' பொத்தானை அழுத்தும்போதும், அந்த எழுத்துருவுக்குத் தனி போல்டு கோப்பு இல்லையென்றால் ஏறக்குறைய இதுதான் நடக்கிறது. பத்தடி பேனரில் ண-வும் ன-வும் ஒன்றுபோலக் கறுத்து நிற்பதைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கும். தனி போல்டு கோப்போடு வரும் தமிழ் எழுத்துருக்கள் இன்று இலவசமாகவே கிடைக்கின்றன. மேலே சொன்ன இரண்டும் அவற்றில் சேர்ந்தவை. பேனர் அடிக்கக் கொடுக்கும்போது கடைக்காரரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டால் போதும்: இது தடித்து வரைந்த எழுத்தா, அவுட்லைன் போட்டுத் தடிக்க வைத்ததா?